கொப்புளிப்பான் ஆறிய பின்னும் கவனம் வேண்டும்

கொப்புளிப்பானை எம்மவர் பெரிய நோயாகக் கருதுவதில்லை. பொக்குளிப்பான், அம்மாள் வருத்தம், சின்னம்மை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், எல்லோர் வீட்டுக்கும் ஒருமுறை வந்து போகும் வருத்தம் என்ற அளவிலேயே அதனை நோக்குகிறோம். வாசலில் வேப்பிலை செருகுகிறோம். நோயாளியைத் தனியே படுக்கவைத்து, இளநீரும் மோரும் கொடுத்து, அடுப்படியில் தாளிப்பதைக்கூட நிறுத்திவைக்கிறோம். கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்ததும் வேப்பிலையும் மஞ்சளும் கலந்த தண்ணீரைத் தலைக்கு வார்த்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆறுதல் அடைகிறோம்.

பெரும்பாலானோரைப் பொறுத்தவரை அந்த ஆறுதல் நியாயமானதே. ஆனால் கொப்புளம் உதிர்வதோடு கிருமியும் உடலை விட்டுப் போய்விடுகிறது என்று நாம் எண்ணுவோமாயின், அது தவறு. அக்கிருமி போவதில்லை. ஒருமுறை உட்புகுந்த வைரசு, அம்மனிதர் வாழும் காலம் முழுவதும் அவருடைய நரம்புகளினுள் தங்கிவிடுகிறது. சிலரில் அது பிற்காலத்தில் அக்கியாக வெளிவருகிறது. மிகச் சிலரில் மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகளைத் தாக்கி, பாரிசவாதத்தையே ஏற்படுத்திவிடுகிறது.

வாசகர்களை அச்சுறுத்துவது எமது நோக்கமன்று. வராமல் தடுக்கவும், வந்தால் மருந்தால் கட்டுப்படுத்தவும் கூடிய ஒரு நோயினால் எமது குடும்பங்கள் வீணே பாதிக்கப்படக் கூடாது என்பதே எமது கவலை. அந்நோய்க்கும் மருத்துவருக்கும் இடையே குறுக்கே நிற்பவை பெரும்பாலும் எமது சில பழக்கங்களும், அகதி வாழ்வு எம்மீது சுமத்திய சில தடைகளுமே. அவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் காலம் வந்துவிட்டது என நாம் கருதுகிறோம்.

நாடியைத் தாக்குவது எவ்வாறு?

கொப்புளிப்பானும் அக்கியும் ஒரே கிருமியின் இரண்டு வெளிப்பாடுகள். இங்கிலாந்தின் சிரென்செஸ்டர் என்னும் சிற்றூரில் குடும்ப வைத்தியராகப் பணியாற்றிய ஹோப் சிம்சன் என்பவர், தமது நோயாளரைப் பல ஆண்டுகள் அவதானித்து, 1965ஆம் ஆண்டில் இதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். சிறுவயதில் கொப்புளிப்பானாக வந்த கிருமி நரம்புகளின் வேர்ப்பகுதியில் உள்ள நரம்புத் திரட்டுகளில் உறங்கிக் கிடக்கிறது. முதுமையினாலோ வேறு காரணத்தாலோ உடலின் நிர்ப்பீடன சக்தி தளரும்போது விழித்தெழுந்து, நரம்பின் வழியே தோலுக்கு வந்து அக்கியாகிறது. உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டிபோல் கொப்புளம் போடுவதும், தோலில் எதுவும் தோன்றுமுன்னரே எரிவும் குத்தும் ஏற்படுவதும் இதனாலேயே.

நரம்புகள் தோலுக்கு மட்டும் செல்வதில்லை. முகத்துக்கும் கண்ணுக்கும் உணர்வு தரும் பெரிய நரம்பின் இழைகள் மூளையின் நாடிகளையும் சென்றடைகின்றன. விழித்தெழுந்த கிருமி தோலை நோக்கி வராமல் அவ்விழைகள் வழியே உட்புறமாகச் சென்றால், நாடியின் வெளிச்சுவரை முதலில் அடைகிறது. அங்கிருந்து உட்சுவரை நோக்கிப் பரவுகிறது. கிருமியை அழிப்பதற்காக உடல் அனுப்பும் வெண்குருதிக் கலங்கள் சுவரினுள் குவிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. நாடியின் உட்படை தடித்து, குருதி ஓடும் வழி ஒடுங்குகிறது. நடுப்படையில் உள்ள தசைக் கலங்கள் அழிந்து சுவர் வலுவிழக்கிறது. வழி ஒடுங்கி அடைபட்டால் மூளையின் அப்பகுதி குருதியின்றி இறக்கும். வலுவிழந்த சுவர் பலூன்போல் வீங்கி வெடித்தால் மூளைக்குள் குருதி பெருகும். இரண்டையுமே நாம் பாரிசவாதம் என்கிறோம்.

பாரிசவாதம் என்றதும் குருதி அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகைத்தல் ஆகியவற்றையே நினைப்பது வழக்கம். அவையே பெருங்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு கிருமி நேரடியாக நாடியின் சுவருக்குள் புகுந்து பெருகும் என்பது நோயாளரின் உடற்கூற்று ஆய்வுகளிலேயே கண்டறியப்பட்ட உண்மை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கில்டன், மரியா நேகல் ஆகியோர் இத்துறையில் நீண்டகாலம் ஆய்வு செய்து இந்நோயின் இயல்பை உலகறியச் செய்தவர்கள்.

இந்தக் கிருமி மட்டுமே இவ்வாறு செய்வதில்லை. எச்.ஐ.வி. கிருமியும் மூளையின் நாடிகளைக் கெடுக்கும். 2020ஆம் ஆண்டில் உலகையே முடக்கிய கொரோனாத் தொற்று குருதியின் உறையும் தன்மையைக் கூட்டி, குருதிக்குழாய்களின் உட்படையையும் பாதித்துப் பலரைப் பாரிசவாதத்துக்கு உள்ளாக்கியதை நாம் கண்டோம். எனினும், எமது வீடுகளில் மிகச் சாதாரணமாக நடமாடுவதும், நாம் மிகவும் அலட்சியப்படுத்துவதும் கொப்புளிப்பான் கிருமியே. ஆகவே அதனையே இங்கு விரிவாக எடுத்துக்கொண்டோம்.

பிள்ளைகளுக்குமா?

ஆம். பாரிசவாதம் முதியோருக்கு மட்டுமே வரும் என்பது எம்மிடையே வேரூன்றிய எண்ணம். எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ நகரின் சிறுவர் மருத்துவமனையில் நடந்து 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று இவ்விடத்தில் கவனத்துக்குரியது. நாடி அடைப்பினால் பாரிசவாதம் கண்ட ஆறு மாதம் முதல் பத்து வயது வரையான 70 பிள்ளைகளில் 22 பேர், அதாவது நூற்றுக்கு 31 பேர், அதற்கு முந்திய ஓராண்டுக்குள் கொப்புளிப்பான் கண்டவர்கள். நலமாக இருந்த பிள்ளைகளிடையே இவ்விகிதம் நூற்றுக்கு 9 மட்டுமே.

பிரித்தானியாவில் 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு, கொப்புளிப்பான் கண்ட முதல் ஆறு மாதங்களில் பிள்ளைகளுக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏனைய காலத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்வதாகக் காட்டியது. பெரும்பாலும் மூளையின் ஆழ்ந்த பகுதிக்குக் குருதி தரும் பெருநாடியே பாதிக்கப்படுகிறது. ஒரு கை திடீரெனச் சோர்ந்துவிடும். ஒரு கால் இழுபடும். வாய் ஒரு பக்கம் கோணும். பேச்சு குழறும். சில பிள்ளைகளில் கை கால்கள் தாமாக முறுக்கிக்கொள்ளும்.

நான்கு மடங்கு என்றதும் பெற்றோர் கலங்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குப் பாரிசவாதம் வருவதே மிக அரிது. கொப்புளிப்பான் கண்ட ஏறத்தாழ 15,000 பிள்ளைகளில் ஒருவருக்கே இவ்வாறு நேர்வதாக மருத்துவ நூல்கள் கணிக்கின்றன. எனவே கொப்புளம் போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் கொப்புளிப்பான் ஆறி இரண்டு மாதமோ ஐந்து மாதமோ கழிந்தபின் பிள்ளையின் கை சோர்ந்தால், "விளையாடும்போது சுளுக்கியிருக்கும்" என்று எண்ணெய் பூசிப் படுக்கவைக்கக் கூடாது. உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். வரும் மருத்துவரிடம், "இத்தனை மாதத்துக்கு முன் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் வந்தது" என்று மறவாமல் சொல்ல வேண்டும். நாள் கடந்துவிட்டதால் பெற்றோருக்கு அது தொடர்பற்ற பழங்கதையாகத் தோன்றும். மருத்துவருக்கோ அந்த ஒரு வாக்கியமே வழிகாட்டும் விளக்காக அமையக்கூடும்.

வளர்ந்தோரும் முதியோரும்

எமது சமூகத்துக்கே உரிய ஒரு நிலைமையையும் இங்கு குறிப்பிட வேண்டும். குளிர்நாடுகளில் பிறந்தோருக்கு இந்நோய் பெரும்பாலும் பள்ளி செல்லும் வயதுக்குள்ளேயே வந்துவிடும். இலங்கை, தென்னிந்தியா போன்ற வெப்பநாடுகளில் பிறந்தோரில் கணிசமானோர் இளமைப் பருவத்தைக் கடந்த பின்னும் இந்நோய் காணாதவர்களாகவே இருக்கின்றனர். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக வந்து ஒரே அறையில் பலராகத் தங்கியிருந்த காலத்தில், இருபது, முப்பது வயதில் கொப்புளிப்பான் கண்டு துன்புற்றவர்கள் எம்மிடையே பலர். வளர்ந்தோருக்கு வரும்போது இந்நோய் கடுமையாகவே வரும். நுரையீரலையும் தாக்கும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் வயிற்றில் உள்ள சிசுவுக்கும் தனியான ஆபத்துண்டு. இதுவரை இந்நோய் காணாத கர்ப்பிணி ஒருவர் நோயாளியுடன் பழக நேர்ந்தால், கொப்புளம் போடும்வரை காத்திராமல் உடனே தமது மருத்துவருக்கு அறிவிப்பது அவசியம்.

அன்று இளைஞராக வந்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் எட்டிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் அக்கி வரும் வயதை அடைந்துவிட்டனர். வாழ்நாளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அக்கி வரும் என்பது மருத்துவர்களின் கணிப்பு. நீரிழிவு உள்ளோர், புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், சிறுநீரகம் மாற்றப்பட்டோர், ஸ்டீரொயிட் மருந்து எடுப்போர் ஆகியோருக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். நீரிழிவு எம்மவரிடையே எவ்வளவு பரவலானது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அக்கிக்கும் பாரிசவாதத்துக்கும் உள்ள தொடர்பைத் தாய்வானில் 2009இலும் பிரித்தானியாவில் 2014இலும் வெளியான ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பிரித்தானிய ஆய்வில் அக்கியும் பாரிசவாதமும் கண்ட 6,584 பேரின் பதிவுகள் ஆராயப்பட்டன. அக்கி தோன்றிய முதல் நான்கு வாரங்களில் பாரிசவாத ஆபத்து நூற்றுக்கு 63 அதிகரித்திருந்தது. பின்னர் மெல்லக் குறைந்து, ஆறு மாதங்களில் வழமைக்குத் திரும்பியது. கண்ணையும் நெற்றியையும் தாக்கும் அக்கியாயின் ஆபத்து ஒரு கட்டத்தில் மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. நாம் முன்னர் சொன்ன நரம்பு அதுவே என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. நெற்றியின் இடப்பக்கத்தில் அக்கி வந்து ஆறி, சில வாரங்களோ மாதங்களோ கழித்து வலக்கையும் வலக்காலும் செயலிழப்பது இந்நோயின் நன்கறியப்பட்ட ஒரு தோற்றம்.

அதே ஆய்வில் எமக்கு நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. கிருமிக்கு எதிரான மாத்திரை எடுத்தோரில் இவ்வாபத்து குறைவாகவும், எடுக்காதோரில் அதிகமாகவும் காணப்பட்டது. அசைக்குளோவிர் முதலிய இம்மாத்திரைகள் அரிய மருந்துகள் அல்ல. எந்த மருந்தகத்திலும் கிடைப்பவை. ஆனால் கொப்புளம் தோன்றி 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினாலே அவை நன்கு பயன்தரும். மூன்று நாள் என்பது எமது வீடுகளில் எவ்வளவு விரைவாகக் கழிந்துவிடுகிறது!

மூன்று நாள் கழிவது எவ்வாறு?

முதல் நாள், உடம்புச் சூடு என்று விட்டுவிடுகிறோம். இரண்டாம் நாள், ஊரில் உள்ள மூத்தவருக்குத் தொலைபேசி எடுத்துக் கைவைத்தியம் கேட்கிறோம். செங்காவி குழைத்து அக்கி எழுதும் வழக்கம் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுகிறோம். மூன்றாம் நாள், வேலைக்கு விடுப்புக் கிடைக்காது. உணவகச் சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் இரவு பகலாக உழைப்பவர்களுக்கு ஒருநாள் விடுப்பு என்பது ஒருநாள் கூலி. நிரந்தர வதிவிட உரிமை இன்னும் கிடைக்காதவர்களுக்கோ வேறோர் அச்சம். நோயாளி என்று பதிவானால் வழக்குப் பாதிக்கப்படுமோ என்று மருத்துவமனைப் பக்கமே போகத் தயங்குகின்றனர். நான்காம் நாள் வலி தாங்காமல் மருத்துவரிடம் போகும்போது, மாத்திரை தொடங்குவதற்கு உகந்த காலம் கடந்துவிடுகிறது.

இவற்றுள் எமது மரபை மட்டும் குற்றம் சொல்லும் போக்கை நாம் ஏற்கவில்லை. நோயாளியைத் தனிமைப்படுத்துவதும், ஓய்வு கொடுப்பதும், குளிர்ச்சியான ஆகாரம் கொடுப்பதும், வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பதும் எமது முன்னோர் அனுபவத்தாற் கண்ட நல்வழிகள். அம்மாளுக்கு நேர்த்தி வைப்பது ஒவ்வொருவரின் நம்பிக்கை. அது மருந்துக்கு எதிரி அல்ல. வேப்பிலையை வாசலில் செருகிவிட்டு மருத்துவரிடம் போவதை எந்தத் தெய்வமும் தடுத்ததில்லை. "அம்மாள் வந்திருக்கும்போது மருந்து எடுக்கக் கூடாது" என்று சொல்லித் தாமதிப்பதையே நாம் எதிர்க்கிறோம். வீட்டில் உள்ள மாத்திரையைத் தாமாக எடுத்துக் கொடுப்பதையும் எதிர்க்கிறோம். கொப்புளிப்பான் கண்ட பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுப்பது ஈரலையும் மூளையையும் பாதிக்கும் கொடிய நோய் ஒன்றுக்கு வழிவகுக்கலாம். ஐபுபுரோபன் மாத்திரையையும் இந்நோயின்போது தவிர்க்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும்.

மற்றொரு பெருந்தடை மொழி. மருத்துவரிடம் போகும் தாயும் தந்தையும் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்லும் காட்சி எமது சமூகத்தில் அன்றாடம் காணக்கூடியது. அந்தப் பிள்ளைக்கு அக்கி என்ற சொல்லும் தெரியாது. அதற்குரிய பிறமொழிச் சொல்லும் தெரியாது. "அப்பாவுக்குத் தோலில் எரிகிறது" என்று மட்டும் சொல்லும். மருத்துவர் பூச்சு மருந்து எழுதிக் கொடுத்துவிடுவார். தாயின் உடலில் எங்கே கொப்புளம் என்பதை மகனிடம் சொல்லக் கூச்சப்பட்டுத் தாயும் மறைத்துவிடுவார். மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யுமாறு முன்கூட்டியே கேட்பது பிச்சை கேட்பதாகாது. பல நாடுகளில் அந்த ஏற்பாடு உண்டு. கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை.

அக்கியையும் கொப்புளிப்பானையும் மறைக்கும் பழக்கமும் எம்மை விட்டு அகல வேண்டும். வீட்டில் கலியாணப் பேச்சு நடக்கிறது, சனம் என்ன சொல்லும் என்று மறைக்கிறோம். வருத்தம் கண்ட வீட்டுக்கு எவரும் வராமற் போய்விடுவர் என்று மறைக்கிறோம். அயலவருக்கு மறைப்பதை மருத்துவருக்கும் மறைத்துவிட்டால், பின்னாளில் அவர் எதைக் கொண்டு நோயை அறிவார்?

கொப்புளமே தோன்றாவிட்டால்?

இக்கேள்வி மருத்துவர்களையே திகைக்கவைத்த ஒன்று. கொலராடோ ஆய்வாளர்கள் 2008ஆம் ஆண்டில், இக்கிருமியால் மூளையின் நாடிகள் பாதிக்கப்பட்ட 30 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். அவர்களில் மூவரில் ஒருவருக்கும் மேலானோருக்குத் தோலில் எந்தக் கொப்புளமும் தோன்றியிருக்கவில்லை. கொப்புளம் தோன்றியவர்களிலும், அதற்கும் மூளை பாதிக்கப்பட்டதற்கும் இடையே சராசரியாக நான்கு மாதங்கள் கடந்திருந்தன. முதுகில் ஊசி ஏற்றி எடுக்கும் மூளைய நீரில் கிருமியின் மரபணுவைத் தேடியபோது நூற்றுக்கு 30 பேரிலேயே அது கிடைத்தது. அதே நீரில் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடியபோது நூற்றுக்கு 93 பேரில் கிடைத்தது. சரியான பரிசோதனையைச் செய்யாவிட்டால் நோய் கண்ணில் படாமலே போய்விடும் என்பது இதிலிருந்து புலனாகிறது.

முதுகில் ஊசி ஏற்றி நீர் எடுத்தல் என்றதும் எம்மவர் அஞ்சி மறுத்துவிடுவதுண்டு. "முள்ளந்தண்டில் ஊசி போட்டால் கால் வழங்காமற் போகும்" என்ற பேச்சு ஊரிலும் இருந்தது, இங்கும் இருக்கிறது. முண்ணாண் முடிவடையும் இடத்துக்குக் கீழேதான் அவ்வூசி ஏற்றப்படுகிறது. தலையிடி சில நாள் இருக்கலாம். மருத்துவர் அப்பரிசோதனையைக் கேட்டால், காரணத்தை விளக்கமாகக் கேட்டறிந்து சம்மதிப்பதே அறிவுடைமை. நோய் இன்னதென உறுதியானால் அசைக்குளோவிர் மருந்தை நாளத்தின் வழியே இரண்டு வாரமளவில் ஏற்றி, கிருமியைக் கட்டுப்படுத்தலாம். வழமையான பாரிசவாதம் என்று கருதி அதற்குரிய மருந்தை மட்டும் கொடுத்தால் கிருமி தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். அடுத்த நாடி அடைபடும்.

எவ்வகைப் பாரிசவாதமாயினும் நேரமே உயிர். முகம் கோணுதல், கை சோர்தல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் தேசிக்காய் வெட்டவோ, தேநீர் வைக்கவோ நேரத்தைச் செலவிடக் கூடாது. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் 112, பிரித்தானியாவில் 999, கனடாவில் 911, அவுஸ்திரேலியாவில் 000 என்பவை அவசர அழைப்பு எண்கள். வீட்டில் உள்ள பாட்டனுக்கும் பாட்டிக்கும் இவ்வெண் தெரியுமா என்பதை இன்றே கேட்டுப் பாருங்கள்.

வருமுன் காத்தல்

இத்தனைக்கும் அடிப்படையான கிருமியை உட்புகாமலே தடுக்க ஊசி இருக்கிறது. யப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷி, தமது மகன் கொப்புளிப்பானாற் கடுமையாகத் துன்புற்றதைக் கண்டு ஆய்வில் இறங்கி, 1974ஆம் ஆண்டில் இத்தடுப்பூசியை உலகுக்கு அளித்தார். அமெரிக்கா 1995இலும் கனடா 1998இலும் அதனை அங்கீகரித்தன. ஜேர்மனி 2004 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதனைப் பரிந்துரைத்து வருகிறது.

பிரித்தானியா நெடுங்காலம் தயங்கி நின்றது. கொப்புளிப்பான் கண்ட பிள்ளைகளுடன் பழகுவதால் முதியோரின் நிர்ப்பீடன சக்தி புதுப்பிக்கப்படுகிறது, பிள்ளைகளுக்கு நோய் வராமற் செய்தால் முதியோரிடையே அக்கி கூடிவிடும் என்ற கருத்து அத்தயக்கத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. ஆயினும் அந்நாட்டின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2023 நவம்பரில் தன் நிலைப்பாட்டை மாற்றி, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வூசியைப் பரிந்துரைத்தது. 2026 ஜனவரி முதல் அதனைச் சிறுவர் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ப்பதென 2025இல் அரசு அறிவித்தது.

"வருத்தம் சிறுவயதிலேயே வந்து போவது நல்லது" என்று சொல்லி, நோய் கண்ட பிள்ளையுடன் தம் பிள்ளையை விளையாட விடும் பெற்றோர் எம்மிடையேயும் உள்ளனர். ஊசி கிடைக்காத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இன்று அப்படிச் செய்வது, வாழ்நாள் முழுவதும் உடலை விட்டு நீங்காத ஒரு விருந்தாளியைப் பிள்ளைக்கு வலிந்து தேடிக் கொடுப்பதாகும். சிறுவர் பாரிசவாதம் பற்றி 2015இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், பாரிசவாதம் கண்ட 355 பிள்ளைகளும் காணாத 354 பிள்ளைகளும் ஒப்பிடப்பட்டனர். அண்மையில் ஏதேனும் தொற்றுக் கண்ட பிள்ளைகளுக்கு ஆபத்து ஏறத்தாழ ஆறு மடங்காகவும், வழமையான தடுப்பூசிகளைப் போடாத அல்லது குறைவாகவே போட்ட பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஏழு மடங்காகவும் இருந்தது. தடுப்பூசி அட்டையைப் பெட்டியில் பூட்டிவைக்கும் எமது பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதியோருக்கு அக்கித் தடுப்பூசி உண்டு. உயிருள்ள கிருமி இல்லாத புதிய ஊசி 2017இல் கனடாவிலும் அமெரிக்காவிலும் அங்கீகாரம் பெற்றது. இரண்டு தடவை போட வேண்டும். நிர்ப்பீடனம் குறைந்தோருக்கும் அது கொடுக்கப்படுகிறது. எந்த வயதில், எந்த நோயாளருக்கு, இலவசமாகவா பணத்துக்கா என்பது நாட்டுக்கு நாடு, கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். அரசாங்கத்திடமிருந்து கடிதம் வரும். அது பிறமொழியில் இருக்கும். விளம்பரம் என்றெண்ணிக் குப்பையில் போட்டுவிடுவோம். அக்கடிதத்தை வாசித்துச் சொல்வது வீட்டுப் பிள்ளைகளின் கடமை. அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் அடுத்த முறை குடும்ப வைத்தியரைக் காணும்போது "எனக்கு அக்கித் தடுப்பூசி உண்டா?" என்று கேட்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

பொது அமைப்புகளின் கடமை

எமது மக்கள் வாழும் நகரங்களில் தமிழ்ப் பாடசாலைகள் உண்டு. கோயில்களும் தேவாலயங்களும் உண்டு. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் உண்டு. ஆண்டுதோறும் கலைவிழாவும் விளையாட்டுப் போட்டியும் சிறப்புற நடத்தும் ஆற்றல் எமக்கு இருக்கிறது. அதே மண்டபத்தில் ஆண்டுக்கொருமுறை ஒரு தமிழ் மருத்துவரை அழைத்து, ஒரு மணித்தியாலம் பேசவைப்பது பெருஞ்செலவாகாது. எமது பிள்ளைகளிலிருந்து உருவான மருத்துவர்களும் தாதியரும் இன்று எல்லா நாடுகளிலும் பணிபுரிகின்றனர். கொப்புளிப்பான், அக்கி, பாரிசவாதம் ஆகிய சொற்களுக்கு அந்தந்த நாட்டு மொழியில் உரிய சொல் எது என்பதை ஒரு தாளில் அச்சிட்டு வீடுவீடாகக் கொடுத்தாலே போதும், பல உயிர்கள் காப்பாற்றப்படலாம்.

போரிலிருந்து உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு ஓடிவந்த சமூகம் நாம். எத்தனையோ கடல்களையும் எல்லைகளையும் கடந்து பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். மூன்று நாள் தாமதத்தாலும், சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தாலும் அவர்களுள் ஒருவரையேனும் இழக்க எமக்கு உரிமையில்லை. வேப்பிலை வாசலில் இருக்கட்டும். கொப்புளிப்பான் வந்த திகதியும் அக்கி வந்த திகதியும் வீட்டுக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கட்டும். தடுப்பூசி அட்டை பெட்டியை விட்டு வெளியே வரட்டும்.